புகைபோக்கி மாதிரி எடுக்கையில் வடிதாளைக் கையாளும் முறை

புகைபோக்கித் துணிக்கைகளை அளக்கும் கருவியில் எல்லாமே சூட்டுப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு கண்ணாடி இழை வடிதாளை நம்பித்தான் இருக்கிறது. பம்பி இழுக்கும் புகை, நுனி வழியே குழாயில் புகுந்து, இந்தத் தாளைக் கடந்து, பின்னாலுள்ள குளிர்ந்த குடுவைகளுக்குள் போகும். தாள் நனைந்தாலோ கிழிந்தாலோ அன்றைய மாதிரி ஓட்டத்தைக் கைவிட வேண்டியதுதான். அதை நனைப்பது பெரும்பாலும் இந்தக் குடுவைகளிலுள்ள தண்ணீர். வால்வுகளைத் திறந்து மூடும் ஒழுங்கு பிசகினால் அது பின்னோக்கி ஏறிவிடும்.

வடிதாளை வெளிச்சத்துக்குப் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். 24 மணி நேரம் உலர்த்தியில் (ஈரம் உறிஞ்சும் பொருள் இட்ட மூடிய பாத்திரத்தில்) வைத்து 0.1 மி.கி. வரை காட்டும் தராசில் நிறுங்கள். ஆறு மணி நேரமாவது விட்டு மீண்டும் நிறுக்கும்போது வித்தியாசம் 0.5 மி.கி.க்கு மேற்படக் கூடாது. யாழ்ப்பாணத்து ஈரக்காற்றில் தாள் வெகு சீக்கிரம் ஈரம் இழுக்கும். ஆகவே உலர்த்திக்கு வெளியே இரண்டு நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சாவணத்தால் பிடித்து, தாங்கியின் நடுவில் சரியாக இருத்துங்கள். ஓரம் விலகினால் புகை தாளைச் சுற்றிப் போய்விடும்.

புகைபோக்கி மேடைக்கு இருவராவது ஏறவேண்டும். பாதுகாப்புப் பட்டி கட்டாயம். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) பலக்கும் மாதங்களில் காலையிலேயே வேலையை முடிப்பது நல்லது. இடி மின்னல் தெரிந்தால் ஏறவே வேண்டாம். சூட்டுப்பெட்டிக்கான மின்சாரம் ஏர்த் உள்ள, ட்ரிப் சுவிச் பொருத்திய இணைப்பிலிருந்து வரட்டும்.

முதல் இரண்டு குடுவைகளில் தலா 100 மி.லீ. தண்ணீர், மூன்றாவது வெறுமை, நான்காவதில் 200 முதல் 300 கிராம் சிலிக்கா ஜெல். சுற்றிவர ஐஸ் போடுங்கள். கடைசிக் குடுவையால் வெளிவரும் வாயு 20 பாகை செல்சியசுக்கு மேல் போகக்கூடாது. பெட்டி 120 பாகைக்கு வரும்வரை காத்திருங்கள். 14 பாகை கூடக் குறைய இருக்கலாம். சூடு குறைந்தால் தாளில் நீர் படிந்து அடைபடும். சுன்னாகத்தில் உள்ளதுபோல் கனரக எண்ணெயில் ஓடும் மின்னியந்திரம் என்றால் இன்னொரு சிக்கல்: எண்ணெயின் கந்தகம் அமிலமாகித் தாளில் ஒடுங்கி, துணிக்கையின் நிறையோடு சேர்ந்துவிடும். அமிலத்தைத் தவிர்த்து அளக்க வேண்டுமென்றால் பெட்டியை 160 பாகையில் வைக்கும் முறையைக் கைக்கொள்ளுங்கள்.

அடுத்தது கசிவுச் சோதனை. நுனியை அடைத்து, பக்கவழி வால்வை (பம்பியைச் சுற்றிப் போகும் வழியிலுள்ளது) முழுக்கத் திறந்து, பிரதான வால்வை (குடுவைகளுக்கும் பம்பிக்கும் இடையிலுள்ளது) மூடிய நிலையில் பம்பியைப் போடுங்கள். பிறகு பிரதான வால்வைத் திறந்து, பக்கவழியை மெல்ல மெல்ல மூடி 380 மி.மீ. இரச வெற்றிடத்துக்குக் கொண்டுவாருங்கள். அளவு தாண்டிவிட்டால் பக்கவழியைத் திரும்பத் திறக்கவே கூடாது. தண்ணீர் பாய்வது அப்போதுதான். அந்தக் கூடிய வெற்றிடத்திலேயே சோதியுங்கள், அல்லது நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 0.57 லீற்றருக்கு மேல் கசிந்தால் மூட்டுகளைத் தேடிப் பாருங்கள். முடிக்கும்போது முதலில் நுனி அடைப்பை மெதுவாக எடுத்து, உடனே பம்பியை நிறுத்துங்கள்.

புகைபோக்கிச் சுவரில் குழாயைச் செருகும் துளையின் மூடியைக் கழற்றும்போது நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். உள்ளே அமுக்கம் கூடியிருந்தால் சூடான புகை முகத்தில் அடிக்கும். அதில் காபனோரொட்சைட்டும் கந்தகவீரொட்சைட்டும் இருக்கும் என்பதால் நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி சட்டையில் இருக்கட்டும். மாறாக உள்ளே இழுவை இருந்தால், பிரதான வால்வை மூடிவிட்டே குழாயைச் செருகுங்கள். துளையைச் சுற்றியுள்ள இடைவெளியை வெப்பம் தாங்கும் துணியால் அடையுங்கள்.

ஓட்டத்தின்போது வெற்றிட மானி படிப்படியாக ஏறினால் தாள் நிறைகிறது என்று அர்த்தம். உறிஞ்சும் வேகம் புகையின் வேகத்தில் 90 முதல் 110 வீதத்துக்குள் நிற்க மறுத்தால், நிறுத்தி, கசிவு பார்த்து, ஏற்கெனவே தாள் இட்ட இன்னொரு தாங்கியை முழுதாக மாற்றுங்கள். சூடான தாங்கியை மேடையில் பிரிக்காதீர்கள்: கையும் வேகும், தாளும் கிழியும்.

முடிந்ததும் ஓட்டத்தில் கண்ட அதிகபட்ச வெற்றிடத்தில் மறுபடி கசிவு பாருங்கள். குழாய் ஆறும்போது நுனியை இறுக அடைக்காதீர்கள். உள்ளே வாயு சுருங்கி வெற்றிடமாகி, தண்ணீர் மேலேறிவிடும். தளர்வாக மூடினால் போதும். தாளையும் தாங்கியில் ஒட்டிய இழைகளையும் ஒன்றுவிடாமல் எடுத்துப் பெட்டியிலிட்டு, குழாயை அசற்றோனால் கழுவிச் சேருங்கள். அசற்றோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்; கழுவும் இடம் சூட்டுப்பெட்டிக்கும் புகைபோக்கிக்கும் தூரத்தில், காற்றோட்டமான நிழலில் இருக்கவேண்டும்.