பரோக் கலை: பலரும் செய்யும் தவறுகள்

பரோக் என்பது 1600 வாக்கில் இத்தாலியில் தொடங்கி ஐரோப்பாவில் பரவிய கலைப் பாணி. தங்க முலாம், முறுக்கிய தூண்கள், கொழுகொழு குட்டித் தேவதைகள். இவை கண்ணில் பட்டதுமே 'பரோக்' என்று சொல்லிவிடுகிறோம். முதல் தவறு இதுதான்.

ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தில் இருக்கும், இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் 'புனித மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1600-இல் முடிந்தது. வெற்றுச் சுவர், ஒரு மேசை, காசு எண்ணும் ஆட்கள். வலப்பக்கம் இயேசு நுழைந்து கை நீட்டுகிறார். அந்தப் பக்கமிருந்தே ஒளியும் சரிந்து விழுகிறது. தங்கமும் இல்லை, தேவதையும் இல்லை. ஆனாலும் இந்தப் படத்தை விட்டுவிட்டு பரோக்கின் தொடக்கத்தைச் சொல்லவே முடியாது. நடக்கும் கணத்தைப் பிடித்து, பார்ப்பவரையும் உள்ளே இழுத்துப்போடுவதுதான் அதன் உயிர். மைக்கலாஞ்சலோவின் தாவீது கவணைத் தோளில் சாத்திக்கொண்டு நிற்கிறான். 1624 வாக்கில் இத்தாலியச் சிற்பி பெர்னினி செதுக்கிய தாவீதோ உதட்டைக் கடித்து, உடம்பை முறுக்கிக் கல்லை வீசப்போகிறான். எதிரே நிற்கிற நமக்கே ஒதுங்கத் தோன்றும்.

அடுத்தது, 'திருச்சபை உத்தரவு போட்டது, பரோக் பிறந்தது' என்ற கதை. பாதி உண்மை என்பதால்தான் இது நன்றாக ஏமாற்றுகிறது. 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய ட்ரெண்ட் பொதுச்சங்கம் திருவுருவங்கள் பற்றி ஆணை வெளியிட்டது. படங்கள் விசுவாசத்தைக் கற்பிக்க வேண்டும், ஆபாசம் கூடாது என்றது. எந்தப் பாணியில் வரைவது என்று சொல்லவில்லை. புதிய பாணி எல்லாத் துறவிகளுக்கும் பிடித்துவிடவும் இல்லை. கரவாஜியோவின் 'கன்னி மரியாளின் மரணம்' ஓவியத்தில் மரியாள் சாதாரணப் பெண்ணின் பிணமாகக் கிடப்பார். யாருடைய தேவாலயத்துக்காக வரைந்தாரோ அந்தத் துறவிகளே வேண்டாம் என்றுவிட்டார்கள். ஓவியர் ரூபன்ஸ் சொல்லி, இத்தாலியின் மாந்துவா பிரபு வாங்கினார். இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

திருச்சபை உத்தரவுக் கதைக்கு ரோமில் உள்ள ஜெசு தேவாலயத்தைச் சிலர் சாட்சிக்கு இழுப்பார்கள். கட்டடம் 1584-இல் முடிந்தது சரி, ஆனால் எல்லாரும் படமெடுக்கும் கூரை ஓவியத்தை ஓவியர் கௌல்லி வரைந்தது 1670-களில். ஒரே இடத்தில் இருப்பதெல்லாம் ஒரே காலத்தது என்று நம்பிவிடக் கூடாது.

கத்தோலிக்கக் கலை என்று முத்திரை குத்துவதும் நிற்காது. ஓவியர் ரெம்ப்ராண்ட் வரைந்தது புராட்டஸ்டண்ட் ஹாலந்தில். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் லூத்தரன், அவரும் புராட்டஸ்டண்ட்தான். காலக்கணக்கிலும் கவனம் வேண்டும்: பெர்னினி 1680-இல் இறந்தபோது பாக் பிறக்கவே இல்லை. இசையில் பரோக்கை 1750 வரை நீட்டுவது அதனால்தான். வெளிர்நிறங்களும் சிப்பி வளைவுகளுமாகப் பாரிஸ் வரவேற்பறைகளில் 18ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது ரொக்கோக்கோ, அது வேறு.

இன்னொன்று, இந்தக் கலைஞர்கள் யாரும் தங்களைப் பரோக் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பெயர் பின்னால், அதுவும் ஏளனமாக வந்தது. கலை வரலாற்றாசிரியர் வோல்ஃப்லின் 1888-இல் எழுதிய பிறகே அது மரியாதையான கலைச்சொல்லாக நிலைத்தது.

அப்புறம், கூரை ஓவியங்களைப் புகைப்படத்தை வைத்து எடைபோடாதீர்கள். ரோமின் சாந்த் இக்னாசியோ தேவாலயத்தில் குவிமாடமே கிடையாது. ஓவியர் போஸோ 1685-இல் துணியில் வரைந்து மேலே பொருத்தியதுதான் இருக்கிறது. அங்கே போனால் தரையில் பதித்த வட்டத்தின் மேல் நின்று அண்ணாந்து பாருங்கள். கொஞ்சம் தள்ளிப் போனாலே குவிமாடம் கோணிக்கொள்ளும்.