புவிவெப்பக் கிணறு: குழாயையும் கருவிகளையும் உள்ளே இறக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

பூமிக்கடியில் உள்ள சூட்டை வெந்நீராகவோ நீராவியாகவோ எடுக்கத் தோண்டும் புவிவெப்பக் கிணற்றைக் கொஞ்சம் சூடான எண்ணெய்க் கிணறு என்று நினைத்து வருபவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். சூட்டைத் தாங்கும் எஃகு கிடைக்கும். அந்தச் சூடு ஏறி இறங்குவதைத் தாங்க வைப்பதுதான் பெரும்பாடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 மீட்டர் எஃகுக் குழாய் 200 டிகிரி சூடேறினால், பிடிப்பில்லாமல் விட்டால் சுமார் 2.4 மீட்டர் நீளும். சுற்றிலும் சிமெண்ட் பிடித்திருக்கும் கேசிங்கால் (கிணற்றுச் சுவராக இறக்கும் எஃகுக் குழாய்) அப்படி நீள முடியாது. அத்தனையும் உலோகத்துக்குள்ளேயே அழுத்தமாகத் தங்கிவிடும். அதனால் அடியில் மட்டும் சிமெண்ட் போட்டு நிறுத்தக் கூடாது, தரைமட்டம் வரை ஏற்ற வேண்டும். இரண்டு கேசிங்குக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொண்டால்கூடப் போதும். விரிய இடமில்லாமல் உள்குழாயை நசுக்கிவிடும். சாதாரண சிமெண்டும் ஆகாது. சுமார் 110 டிகிரியைத் தாண்டினால் அது வலுவிழக்கும் என்பதால், சிமெண்ட் எடையில் 35–40 சதவீதம் சிலிக்கா மாவு கலப்பார்கள்.

அடுத்த தவறு, அவசரமாகக் குளிர்விப்பது. ஐஸ்லாந்தின் கிராஃப்லாவில் 2009இல் தோண்டிய ஐடிடிபி-1 என்ற ஆய்வுக் கிணறு, சுமார் 2,100 மீட்டர் ஆழத்தில் மாக்மாவிலேயே (உருகிய பாறைக் குழம்பு) போய் முட்டியது. பிறகு கிணற்று வாயிலேயே நீராவி 450 டிகிரி. 2012இல் வால்வு பழுதானதும் குளிர்ந்த நீர் விட்டு அடக்க வேண்டியதாயிற்று. சட்டென்று சுருங்கிய கேசிங் இணைப்புகளில் பிய்ந்துபோனது. அங்கே வேறு வழியில்லை. ஆனால் வழக்கமான பராமரிப்பில் மெதுவாக ஆற வைக்காமல் இருப்பதற்குச் சாக்கே கிடையாது.

‘இன்னும் வலுவான எஃகு போட்டால் சரியாகிவிடும்’ என்பதும் பொறிதான். ஹைட்ரஜன் சல்பைடு வாயு உள்ள இடத்தில் வலு கூடிய எஃகுதான் முதலில் விரிசல் விடும், அதுவும் கிணறு மூடி ஆறியிருக்கும்போது. கே-55, எல்-80 போன்ற, வலு அவ்வளவு கூடாத எஃகு ரகங்களை விரும்புவது அதனால்தான்.

அப்புறம் பம்ப். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பதே அதை உரசிப்போகும் வெந்நீர்தான். மோட்டார் மேல் உப்புப் படிந்தால் அதுவே போர்வையாகி, உள்ளே கம்பிச்சுருள் கருகும். கால்சைட் என்ற சுண்ணாம்பு உப்பு படிவது பெரும்பாலும் நீர் ஆவியாகத் தொடங்கும் ஆழத்தில். படிவைத் தடுக்கும் மருந்துக்குழாயின் நுனி அதற்குக் கீழே இருக்க வேண்டும். மேலே நின்றால் ஊற்றியதெல்லாம் வீண்.

அளவிடும் கருவியை பிளாஸ்க் போன்ற உறைக்குள் வைத்து இறக்குவார்கள். சூடு உள்ளே வர நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். எனவே எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதில் மேலே இழுக்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.