பண்ணையில் காயப்பட்டு குறைந்த நேரம் வேலை செய்கிறீர்களா? 7ஆம் படிவத்தைப் பாருங்கள்

ஊரில் வேலையில் அடிபட்டால் முதலாளி மருந்துச் செலவைக் கொடுத்து, கையில் கொஞ்சம் காசும் வைப்பார். அதோடு விஷயம் முடிந்தது. கனடாவின் ஒன்ராறியோவில் அப்படி வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள். கிரீன்ஹவுஸ், காளான் பண்ணை, பழத்தோட்டம் எல்லாவற்றுக்கும் டபிள்யூஎஸ்ஐபி (WSIB, வேலையில் காயப்பட்டவர்களுக்கு நட்டஈடு தரும் மாகாண வாரியம்) காப்புறுதி உண்டு. சம்பளத்தைக் கையில் காசாக வாங்குபவருக்கும் உண்டு.

வேலையில் பட்ட காயம் என்று டொக்டரிடம் சொன்னால் டொக்டரின் அறிக்கையான 8ஆம் படிவத்தை அவர் டபிள்யூஎஸ்ஐபிக்கு அனுப்புவார். தொழிலாளியின் அறிக்கையான 6ஆம் படிவத்தை நீங்கள் ஆறு மாதத்துக்குள் அனுப்பவேண்டும். முதலாளி விஷயம் தெரிந்து 3 வேலைநாளுக்குள் தன் அறிக்கையான 7ஆம் படிவத்தை அனுப்பவேண்டும். ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏஜென்சிதான் முதலாளி. அடிபட்ட நாளின் சம்பளம் முழுவதும் முதலாளியின் பொறுப்பு.

‘லைட் டியூட்டி (இலகுவான வேலை) தந்துவிட்டோம், இனி கிளெய்ம் எதற்கு’ என்று முதலாளிகள் சொல்வார்கள். நம்பாதீர்கள். நேரம் குறைந்து சம்பளம் குறைந்தாலே அறிவிக்கவேண்டும், நட்டஈடும் கிடைக்கும். காயத்துக்கு முன் கைக்கு வந்த சம்பளத்தில் இருந்து இப்போது கைக்கு வருவதைக் கழித்து, மிச்சத்தில் 85 வீதம் தருவார்கள்.

ஆட்கள் ஏமாறுவது இந்த ‘முன்’ என்ற தொகையில்தான். பண்ணைத் தொழிலாளருக்கு ஓவர்டைம் சட்டம் இல்லை. 50 மணித்தியாலமும் ஒரே ரேட்தான். ஆனால் 7ஆம் படிவத்தை நிரப்புகிறவர் வழமையான வேலை 40 மணித்தியாலம் என்று எழுதிவிடுவார். விபத்துக்கு முந்திய நான்கு கிழமையின் மேலதிக வருமானத்தை எழுதத் தனி இடம் இருக்கும். அதை வெறுமையாக விட்டுவிடுவார்.

மணிக்கு 20 டொலர் என்று வைப்போம். 50 மணித்தியாலத்துக்கு 1000, பிடித்தம் போக கைக்கு ஏறக்குறைய 800. இப்போது 20 மணித்தியாலத்துக்கு 400, கைக்கு 360. வித்தியாசம் 440, அதில் 85 வீதம் 374 டொலர். 40 என்று எழுதினால் முந்திய தொகை கைக்கு 650 ஆகிவிடும். வித்தியாசம் 290, கிடைப்பது 246.50. கிழமைக்கு 127.50 டொலர் போய்விடும், பன்னிரண்டு கிழமையில் 1530. முறிந்த கையோடு தக்காளி பிடுங்கினவனின் காசு அது, நினைக்கவே வயிறு எரிகிறது.

7ஆம் படிவத்தின் பிரதி உங்களுக்குத் தரப்படவேண்டும். கேட்டு வாங்கி, கடைசி நான்கு சம்பளச் சிட்டைகளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கிழமையாக ஒப்பிடுங்கள். டைம்ஷீட்டை அன்றன்றே போனில் படம் எடுங்கள். 13ஆவது கிழமையில் இருந்து நீண்டகால வருமானத்தை வைத்துத் திரும்பக் கணக்கிடுவார்கள். சீசன் வேலை செய்பவர்களுக்குத் தொகை இறங்குவது அங்கேதான், ஆகவே பழைய டி4 (முதலாளி தரும் வருடாந்த வருமானச் சிட்டை) எல்லாம் வேண்டும்.

நேரம் கூடினாலும் குறைந்தாலும் 10 நாளுக்குள் டபிள்யூஎஸ்ஐபிக்கு அறிவியுங்கள். கூடினதைச் சொல்லாவிட்டால் பிறகு திருப்பிக் கேட்பார்கள். தொகை பிழை என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபியுங்கள். வேலைக்குத் திரும்புவது பற்றிய முடிவு என்றால் 30 நாள் மட்டுமே. யூனியன் இல்லாதவர்களுக்குத் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவும். டபிள்யூஎஸ்ஐபியோடு பேசும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்கும் காசு இல்லை.