கணக்குப் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் மாலை நேரத்தில் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக வருகிறவர்களிடம், நான் இருபது வயதில் செய்த அதே தவறுகளைப் பார்க்கிறேன். கழித்தல் குறியை விட்டுவிடுவது, நிமிடத்தை மணியாக மாற்ற மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை பழகப் பழகத் தானாகக் குறைந்துவிடும். யோசிக்கிற விதத்தில் இருக்கும் தவறுகள் அப்படிக் குறைவதில்லை. வருடக்கணக்கில் கூடவே வருகின்றன.

விடையைப் படித்துவிட்டுப் புரிந்துவிட்டது என்று நம்புவது

எனக்கு இன்றும் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். ஒரு வருடத்தையே இதனால் இழந்திருக்கிறேன்.

வங்கித் தேர்வுக்குப் படித்த காலத்தில் மூன்று நீள நோட்டுகள் வைத்திருந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் கணக்கு நீல மையில், முக்கியமான வரி சிவப்பு மையில். எல்லாம் கைடிலிருந்து பார்த்து எழுதியவை. கணக்கைப் படிப்பேன், ஒரு நிமிடம் யோசிப்பேன், விடைப் பக்கத்தைத் திருப்புவேன். வரி வரியாகப் படித்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். தலையை ஆட்டிக்கொண்டே நோட்டில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவேன். தேர்வில் அதே வகைக் கணக்குகள்தான் வந்தன, சின்னச் சின்ன மாற்றங்களோடு. முதல் வரியை எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. நோட்டில் அந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருந்தது என்பதுகூட நினைவுக்கு வந்தது. அடுத்த தேர்வுக்கு ஒரு வருடம் காத்திருந்தேன்.

போன வாரம் ஒரு மாணவன் குழாய்க் கணக்கு ஒன்றின் தீர்வை வீடியோவில் பார்த்துவிட்டு வந்தான். ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 12 மணி நேரத்தில் நிரப்பும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்து, 72-ஐ 18-ஆல் வகுத்தால் 4 என்று உடனே சொன்னான். “புரிஞ்சிடுச்சு சார்” என்றான்.

சரி, இரண்டாவது குழாயை 2 மணி நேரம் கழித்துத் திறந்தால் தொட்டி எப்போது நிரம்பும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 4-உடன் 2-ஐக் கூட்டி 6 என்று எழுதினான். “தம்பி, முதல் குழாய் தனியாவே 6 மணி நேரத்துல நிரப்பிடும். உதவிக்கு இன்னொரு குழாய் வந்த பிறகும் அதே 6 மணி நேரமா?” என்றேன். அவன் முகம் மாறியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

அவனிடம் இருந்தது சூத்திரம் மட்டும். முதல் குழாய் ஒரு மணி நேரத்தில் தொட்டியில் 1/6 பங்கையும், இரண்டாவது 1/12 பங்கையும் நிரப்புகின்றன, சேர்ந்தால் 1/4 பங்கு என்பது அவன் கைக்கு வரவில்லை. அது வந்திருந்தால், முதல் 2 மணி நேரத்தில் 1/3 பங்கு நிரம்பிவிட்டது, மீதி 2/3 பங்கை மணிக்கு 1/4 வீதம் நிரப்ப 2 மணி 40 நிமிடம் ஆகும், மொத்தம் 4 மணி 40 நிமிடம் என்று அவனே போட்டிருப்பான்.

படிக்கும்போது புரிவது வேறு, வெற்றுத் தாளில் தானே போடுவது வேறு. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால்தான் ஏமாந்துபோகிறோம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிகிறது. ஒரு குழு ஒரு பத்தியை நான்கு அமர்வுகளிலும் படித்தது. இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முன்னால்: அவர்களுக்கு நினைவிருந்தது 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துப் படித்தவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லையே.

அதற்காக விடையையே பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். குறைந்தது இருபது நிமிடம் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும். தெரிந்ததை எழுதலாம், படம் போடலாம், தப்பாகவே போடலாம். அப்புறமும் நகரவில்லை என்றால் தீர்வின் மேல் ஒரு தாளை வைத்து மூடி, முதல் வரியை மட்டும் பார்க்க வேண்டும். மறுபடி மூடிவிட்டுத் தொடர வேண்டும். முடித்த பிறகு எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து ஒருமுறை. இரண்டு நாள் கழித்து இன்னொருமுறை. இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். போட்ட கணக்கைத் திரும்பப் போடுவது நேர விரயம் என்று நினைக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துப் போடும்போது எந்த வரியில் கை நிற்கிறதோ, அதைத்தான் நீங்கள் இன்னும் கற்கவில்லை.

ஒரே வகைக் கணக்கை முப்பது முறை போடுவது

பாடத்தின் முடிவில் உள்ள பயிற்சியில், எந்த முறையைப் பயன்படுத்த வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு வகைத் திண்ம வடிவங்களின் கன அளவைக் கணக்கிடப் பழகினார்கள். ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகை என்று பழகியவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து பழகியவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20 சதவீதத்துக்கு இறங்கியது, கலந்து பழகியவர்கள் 63 எடுத்தார்கள். அதனால் இன்றைய பாடத்தில் ஐந்து, போன மாதப் பாடத்தில் மூன்று, அதற்கும் முந்தியதில் இரண்டு என்று கலந்து போடுங்கள். தடுமாற்றமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம்.

பெரிய கணக்கைப் பெரிதாகவே பார்ப்பது

சதுரங்கப் பலகையில் மொத்தம் எத்தனை சதுரங்கள்? 64 என்பார்கள். பெரிய சதுரங்களையும் சேர்த்து என்றதும் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் சின்னப் பலகையில் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கட்டம் உள்ள பலகை என்றால் 1. இரண்டுக்கு இரண்டு என்றால் 4 சின்னது, 1 பெரியது, ஆக 5. மூன்றுக்கு மூன்று என்றால் 14. இப்போது 1, 4, 9 என்று வர்க்கங்கள் கூடிக்கொண்டே போவது கண்ணில் படுகிறது. எட்டு வரை கூட்டினால் 204.

தவறான விடையை அழித்துவிடுவது

வேண்டாம். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள்.

‘எனக்குக் கணக்கு வராது’

என் வகுப்பில் இந்த வார்த்தைக்கு இடமில்லை.

‘புரியல சார்’ என்று மட்டும் சொல்வது

எந்த வரி வரை புரிந்தது என்று சொல்லுங்கள். அந்தக் குழாய்க் கணக்குப் பையன் இரண்டு நாள் கழித்து வந்து, “ஒரு மணி நேர வேலையைக் கூட்டுறோம், மொத்த மணி நேரத்தை ஏன் சார் கூட்டக் கூடாது?” என்று கேட்டான். அன்று மாலை முழுவதும் அதைத்தான் பேசினோம்.