பன்னிரண்டு பேரோடு க்வெட்சாலான் மலைக்கு: நாவா பெண்கள் நடத்தும் விடுதியில் குழுவாகத் தங்குவது எப்படி?

"எங்கள் மகளிர் குழுவை ரெண்டு நாள் அமைதியான இடத்துக்குக் கூட்டிப்போகணும், மெக்ஸிகோவுக்குள்ளேயே, ஆனா ரிசார்ட் வேண்டாம்." இப்படி யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: தாசெலோட்சின். புவேப்லா மாநிலத்தின் வடக்கு மலைத்தொடரில், க்வெட்சாலான் என்ற ஊரில் இருக்கும் சிறிய விடுதி அது, நாவா பழங்குடிப் பெண்கள் கூட்டாக நடத்துவது. முதல் தடவை நாங்கள் பன்னிரண்டு பேர் போனபோது செய்யக்கூடாத தப்பையெல்லாம் செய்தோம், அதனால் நீங்கள் செய்ய வேண்டாம் என்று வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. யாருடைய வீட்டுக்குப் போகிறீர்கள் என்று குழுவுக்குச் சொல்லுங்கள்

இதை யாரும் செய்வதில்லை, அதனால்தான் முதலில் வைத்தேன். 1977-இல் இந்த மலையில் தோசேபான் தித்தாத்தானிஸ்கே என்ற விவசாயிகள் கூட்டுறவு தொடங்கியது. அதற்குள் 1985-இல் கைவினை செய்யும் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள், காரணம் எளிது: நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்த துணியை இடைத்தரகர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அந்தப் பெண்கள் தனியாகப் பிரிந்து சொந்தச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். பெயர் மசேவல்சிவாமெ மோசென்யோல்சிகாவானி. ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. ஒருவருக்கொருவர் துணை நிற்கும் பழங்குடிப் பெண்கள் என்று பொருள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் "யோல்" இருக்கிறது, அவர்கள் பேசும் நாவாட் மொழியில் நெஞ்சு. துணி விற்று மட்டும் கட்டுப்படியாகவில்லை என்றுதான் 1997-இல் விடுதியைத் திறந்தார்கள். உங்களுக்குக் காபி கொண்டுவந்து வைக்கும் அக்கா பணியாள் இல்லை, முதலாளிகளில் ஒருவராக இருக்கலாம். இது தெரிந்தால் குழு நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்.

2. தேதி

ஞாயிற்றுக்கிழமை உள்ளே வருகிற மாதிரி பாருங்கள், அன்றுதான் சந்தை. அக்டோபர் 4 புனித பிரான்சிஸ் திருவிழாவையும் ஈஸ்டர் வாரத்தையும் தவிருங்கள். கூட்டம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அது வேறு. ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல மழை, மற்ற மாதங்களில் பனிமூட்டமும் தூறலும். ஆக, நனையாத மாதம் என்று ஒன்று கிடையாது.

3. பதிவு செய்யும்போது என்ன பேசுவது

ஸ்பானிஷ் போதும். எத்தனை பேர், எத்தனை இரவு, யாருக்கு மாடி ஏற முடியாது, உட்கார்ந்து பேச இடம் வேண்டுமா என்பதை எல்லாம் ஒரே தடவையில் எழுதி அனுப்புங்கள், துண்டு துண்டாகப் பத்துச் செய்தி அனுப்பாதீர்கள். நெசவு வகுப்பு, தெமஸ்கால் என்ற நீராவிக் குளியல், மூலிகை நடை இதெல்லாம் அறை வாடகையில் சேர்ந்ததா, தனிக் கட்டணமா என்று கேட்டுவிடுங்கள். தனி என்றால் பேரம் பேச வேண்டாம், ப்ளீஸ்.

சைவக்காரர்கள் கவனிக்க. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. மெக்ஸிகோவில் பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் தாளிப்பது சாதாரணம். "சின் கார்னே, சின் மாந்தேகா" என்று சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் கவலை இல்லை: இந்த ஊர் த்லயோயோ இருக்கிறதே, சோள மாவுக்குள் பட்டாணியோ பீன்ஸோ வைத்துத் தட்டி, கல்லில் சுட்டுத் தருவது, அதை மூன்று வேளையும் சாப்பிடலாம்.

4. போய்ச் சேருவது

மெக்ஸிகோ சிட்டியில் தாபோ (TAPO) பேருந்து நிலையம், புவேப்லாவில் காப்பு (CAPU) பேருந்து நிலையம், இரண்டிலிருந்தும் பேருந்து உண்டு. புவேப்லாவிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர்தான், ஆனால் கடைசிப் பகுதி முழுக்க வளைவு, நான்கு மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள். வாந்தி வருகிறவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள். டெக்சாஸிலிருந்து சேர்ந்துகொள்ளும் தோழிகளுக்கு: செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி மெக்ஸிகோ விசா தேவையில்லை.

5. பை

ரப்பர் அடி வைத்த செருப்பு அல்லது ஷூ (தெருவெல்லாம் கல் பாவியது, மழையில் வழுக்கும்), சட்டென்று காயும் துணி, ரொக்கப் பெசோ. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், என்னுடையது மூன்று நாளும் காயவில்லை. புரொஜெக்டரும் வேண்டாம். நாங்கள் தூக்கிக்கொண்டு போய் ஒரு தடவைகூடப் பெட்டியைத் திறக்காமல் திரும்பத் தூக்கி வந்தோம்.

6. நிகழ்ச்சி நிரலைப் பாதியாக வெட்டுங்கள்

எங்கள் பெரிய தப்பு இங்கேதான். காலை 9 மணி, 10.30, 12 என்று மூன்று அமர்வு போட்டு அச்சடித்துக்கூட வைத்திருந்தோம். முதல் அமர்விலேயே எல்லோருடைய கண்ணும் ஜன்னல் பக்கம். ஒரு நாளைக்கு ஒரு அமர்வு போதும், மிச்ச நேரத்தை அந்த ஊருக்கு விட்டுவிடுங்கள்.

நெசவைத் தவறவிடாதீர்கள். தறி என்றதும் பெரிய மரச்சட்டம் என்று நினைத்துக்கொண்டு போனோம். சட்டமே இல்லை. பாவின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டி, மறு முனையை வார்போட்டு நெய்கிறவரின் இடுப்பில் மாட்டிவிடுகிறார்கள். பின்னால் சாய்ந்தால் நூல் விறைக்கும், முன்னால் வந்தால் தளரும், உடம்புதான் தறி. எங்களுக்குப் பத்து நிமிஷத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கு அப்புறம் அந்த வெள்ளைச் சல்லாத் துணியின் விலையைப் பார்த்து யாரும் "அவ்வளவா?" என்று கேட்கவில்லை.

தெமஸ்கால் என்பது தாழ்ந்த குடிசை போன்ற அறைக்குள் பழுக்கக் காய்ச்சிய கல்மேல் மூலிகைத் தண்ணீர் தெளித்து எடுக்கும் நீராவிக் குளியல். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நுழையாதீர்கள். ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை, கர்ப்பம் இருந்தால் வெளியே இருந்துவிடுங்கள். இருட்டும் நெருக்கமும் ஒத்துக்கொள்ளாதவர்களை வற்புறுத்தவும் கூடாது. முடிந்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் எந்த வேலையும் வைக்காதீர்கள், யாருக்கும் பேச்சே வராது.

மீதி நேரத்துக்கு: கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டரில் யோவாலிச்சான் இடிபாடுகள் (பெயருக்கு "இரவின் வீடு" என்று அர்த்தம்). ஊர்த் தேவாலயத்துக்கு முன்னால் உயரக் கம்பத்திலிருந்து கயிற்றில் சுற்றிக்கொண்டே இறங்கும் வொலதோர்கள் ஆட்டம். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம்.

7. படமும் பணமும்

சந்தையில் கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள், முக்கியமாகத் தலையில் கம்பளிக் கயிறு சுற்றி வெள்ளை உடுப்பில் வரும் பாட்டிகளை. துணியை நெய்தவரிடமோ சங்கத்திடமோ வாங்குங்கள். மூலிகை போட்ட யோலிஷ்பா என்ற சாராயம் விற்பார்கள், கசக்கும், குழுவில் ஒருத்தி அதை மருந்து என்றே சாதித்தாள்.

தேன் கட்டாயம் வாங்க வேண்டும். கொட்டாத சின்னத் தேனீ, பிசில்நெக்மே என்பார்கள், இரண்டு மண்பானைகளை வாயோடு வாய் வைத்துப் பூசி அதற்குள் வளர்க்கிறார்கள். நம்ம ஊர்க் கொசுத்தேன் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புளிப்பு உடனே பிடிபடும். ஆனால் இந்தத் தேன் நீர்த்தது, சீக்கிரம் புளித்துப் பொங்கும். மூடியை இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, நிமிர்த்தி வையுங்கள். மலை இறங்குவதற்குள் என் பையில் பாதி பாட்டில் போய்விட்டது, நனைந்தது அதே ஜீன்ஸ்தான்.