முழங்காலுக்கு ஏற்ற சீட்

வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆன படத்தைத் திங்கள், செவ்வாய் மேட்னியில் பாருங்கள். டிக்கெட்டைக் கவுண்டரிலேயே வாங்குங்கள். வலது முழங்கால் வலித்தால் வலப்பக்கம் நடைபாதை இருக்கும் ஓரச் சீட்டாகக் கேளுங்கள், காலை நீட்டிக்கொள்ளலாம். ஆன்லைனில் டிக்கெட்டுக்கு டிக்கெட் ஒட்டிக்கொள்ளும் கட்டணம் கவுண்டரில் கிடையாது. நாலு பேர் போனால் இடைவேளை டீச் செலவுக்காவது உதவும். கூட்டம் குறைவு என்பதால் இடைவேளையில் பாத்ரூம் வரிசையும் சின்னது (ஐம்பதுக்கு மேல் இதுதான் கிளைமாக்ஸ்). லைட் அணைவதற்குள் உட்கார்ந்துவிடுங்கள், இருட்டில் ‘ஈ’ வரிசையும் ‘எஃப்’ வரிசையும் ஒன்றுதான்.

பெரிய ஹீரோ படத்தின் முதல் மூன்று நாளுக்குக் கவுண்டரை நம்பிப் போவது ஆகாது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வருகிறவர்களும் ஆன்லைனிலேயே எடுத்துவிடுங்கள். ஹவுஸ்ஃபுல் போர்டைப் பார்த்துவிட்டு மறுபடி மலையேற இடுப்பு ஒத்துக்கொள்ளாது.