முகவரியை எடுத்தோம், கணக்கறிக்கையை மறந்தோம்

2024 ஆகஸ்டில் இங்கிலாந்தில் கலவரம் பரவியபோது, தாக்க வேண்டிய இடங்கள் என்று குடிவரவு ஆலோசனை மையங்களின் முகவரிப் பட்டியல் டெலிகிராமில் சுற்றியது. எங்கள் சங்க இணையதளத்திலிருந்து முகவரியை உடனே எடுத்தோம். போதவில்லை. அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தின் (Charity Commission) பொதுப் பதிவேட்டில் அது அப்படியே இருந்தது. அதைவிட மோசம், அங்கேயே கிடந்த பழைய கணக்கறிக்கை பிடிஎஃப்பில் செயலாளரின் வீட்டு முகவரி! தொடர்பு முகவரியை அஞ்சல்பெட்டி எண்ணாக மாற்றி, அறங்காவலர் பெயர்களை வெளியிடாமலிருக்க ஆணையத்திடம் விலக்கு கேட்டோம். ஆபத்து என்னவென்று காரணம் எழுத வேண்டும்.

கதவிலுள்ள கடிதத் துவாரத்தை உள்ளிருந்து உலோகத் தகட்டால் அடைத்தோம்; பெட்ரோல் ஊற்ற அதுதான் எளிய வழி. ஜன்னல்களுக்கு 18 மி.மீ. பிளைவுட். அவசரத்தில் பின்கதவுக்கும் பலகை அடித்துவிட்டோம், அதைக் கழற்ற வேண்டியதாயிற்று: தீப்பிடித்தால் வெளியேற வேறு வழியில்லை.